அலைவரிசை மாறியது, வாய் மாறவில்லை

போன வாரம் ஒரு பெண் போன் செய்தாள். அடையாறு நாரைகள் அணியின் கிரிக்கெட் வர்ணனை இனிமேல் வானொலியில் வராதாம், செல்போன் செயலி ஒன்றில்தான் வருமாம். அந்தச் செயலிக் கம்பெனியில் அவளுக்கு வேலை. "மேடம், ஏற்கெனவே ஒரு தடவை இந்த வர்ணனை ஒரு ஸ்டேஷன்லேருந்து இன்னொரு ஸ்டேஷனுக்கு மாறினப்ப நீங்கதான் கூட இருந்தீங்களாம். மாறுறப்ப எதுல ஜாக்கிரதையா இருக்கணும்? மைக்கா, லைனா, சாஃப்ட்வேரா?" என்று கேட்டாள்.

"வாய்" என்றேன்.

நான் கேலி செய்கிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். விளக்கிச் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன். அதற்குள் என் அடுப்பில் குக்கர் கத்த, அவளை யாரோ மீட்டிங்குக்குக் கூப்பிட, பேச்சு பாதியில் நின்றுவிட்டது. நின்ற பேச்சை எனக்கு வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாது. ஆகவே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் ரோஸ்லின். சாந்தோம்தான் பிறந்து வளர்ந்த இடம். எங்கள் மாதா கோயில் பங்கில் பாதிப் பேர் டீச்சர், மீதிப் பேர் டீச்சரைக் கட்டிக்கொண்டவர்கள். நானும் அப்படித்தான் ஆவேன் என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்தபோது, எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படிக்கிறேன் என்று சொல்லி அந்த நிம்மதியைக் கெடுத்தேன். படித்து முடித்ததும் கலங்கரை வானொலியில் வேலை கிடைத்தது. மயிலாப்பூரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்த சின்ன நிலையம் அது. கீழே யாராவது குடத்தைக் கைநழுவ விட்டால் மேலே செய்தி வாசிப்பில் கேட்கும். என்னை வெளி ஒலிபரப்புப் பிரிவில் போட்டார்கள். கச்சேரி, தேர், கிரிக்கெட் என்று நிலையத்துக்கு வெளியே எது நடந்தாலும் மைக்கைத் தூக்கிக்கொண்டு அங்கே போய், அதைக் காற்றில் ஏற்றி அனுப்புவது எங்கள் வேலை. பிரிவு என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வைத்தியநாதன் சாரும் நானும் ஒரு மாருதி வேனும்தான் பிரிவு.

வைத்தியநாதன் சார் மாடவீதிக்காரர். நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர், இரண்டும் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்தவே மாட்டார். தப்பு செய்தால் திட்டவும் மாட்டார். வேலை முடிந்ததும் பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றுவார். வழக்கமாக முதல் டம்ளர் வேன் டிரைவருக்கு, அடுத்தது எனக்கு, கடைசியில் அவருக்கு. என்றைக்காவது முதல் டம்ளரை என்னிடம் நீட்டினால் நான் ஏதோ பெரிய தப்பு செய்திருக்கிறேன் என்று அர்த்தம். என்ன தப்பு என்று அவர் சொல்ல மாட்டார். அந்தக் காபியைக் குடித்து முடிப்பதற்குள் நானே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்காமல் குடித்தால் அது வேப்பங்கஷாயமாக இறங்கும்.

மைக் சோதனைக்கு எல்லோரும் "ஒன்று, இரண்டு, மூன்று" என்றுதான் சொல்வார்கள். அவருக்கு அது பிடிக்காது. "ஒண்ணு ரெண்டு மூணு சொன்னா உனக்கு எண்ணத் தெரியறதுன்னுதான் தெரியும். மைக் சரியா இருக்கான்னு எப்படித் தெரியும்? மனுஷா பேசற மாதிரி பேசு" என்பார். அதற்காக அன்றைய பேப்பரின் வரி விளம்பரப் பக்கத்தை என் கையில் கொடுத்துவிடுவார். அதில் எல்லா எழுத்தும் வரும், எல்லா ஊரும் வரும், மூச்சு விடவும் இடம் இருக்கும் என்பது அவர் கணக்கு.

ஒரு நாள் மைதானத்திலிருந்து நான் சோதனைக்கு வாசித்துக்கொண்டிருந்தேன். "மணமகன் தேவை. வயது இருபத்தொன்பது. நல்ல நிறம், நல்ல குடும்பம். நாய் வளர்ப்பவர் விரும்பத்தக்கவர்." நிலையத்தில் இருந்தவர் லைனை முன்கூட்டியே திறந்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. விளம்பரம் முழுசாக, என் குரலில், ஊர் முழுக்கப் போய்விட்டது. வீட்டுக்குப் போனால் அத்தை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "ஏண்டி, மாப்பிள்ளை வேணும்னா எங்ககிட்ட சொல்லக் கூடாதா? ரேடியோவுலயா கேப்பாங்க? அதுவும் நாயோட?" அதற்குப் பிறகு என் கல்யாணம் முடியும்வரை ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் யாராவது நாயைப் பற்றி விசாரிக்காமல் விட்டதில்லை. நல்லவேளையாக, எனக்கு வாய்த்தவருக்கு நாய் என்றாலே பயம்.

அந்த மைதானம் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு கல்லூரிக்குச் சொந்தமானது. நகர லீக் ஆட்டங்கள் சனி, ஞாயிறு பகலில் அங்கேதான் நடக்கும். வர்ணனைப் பெட்டி என்று பெயர்தான் பெரிது. ஸ்கோர் எழுதுகிறவர்களின் அறைக்கு மேலே தகரக் கூரை போட்ட ஒரு மரத் தட்டு, அவ்வளவுதான். ஏணிப்படியில் ஏற வேண்டும். வர்ணனையாளருக்கு ஒரு மைக். கூட்டத்தின் சத்தத்துக்கு இன்னொரு மைக், அது கீழே எல்லைக் கயிறு ஓரம் ஒரு கம்பத்தில் கட்டியிருக்கும். மதியத்துக்கு மேல் பட்டினப்பாக்கம் பக்கமிருந்து கடல் காற்று கிளம்பினால் அந்த மைக்கில் ஹோவென்று இரைச்சல்தான் கேட்கும். வைத்தியநாதன் சார் அதற்கு மார்கழி மாதத்தில் தான் போட்டுக்கொள்ளும் மங்கிக் குல்லாவை மாட்டிவிட்டார். இரைச்சல் நின்றது. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லைக் கயிறு ஓரம் ஒரு ஒல்லி மாமா குளிரில் நின்று ஆட்டம் பார்ப்பது போலத் தெரியும். நிலையத்திலிருந்து வெளிநாட்டு மைக் உறை வாங்கி அனுப்பினார்கள். குல்லா அளவுக்கு அது உழைக்கவில்லை.

வர்ணனையாளர் மைக்கில் ஒரு பொத்தான் இருக்கும். இருமல் பொத்தான் என்போம். பேசுகிறவருக்கு இருமல் வந்தால் அதை அழுத்த வேண்டும், அழுத்தியிருக்கும்வரை அவர் குரல் வெளியே போகாது. கூட்டத்தின் சத்தம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். பேசுகிறவர் ஆட்டத்தில் மூழ்கியிருப்பதால் அவருக்கு அதை அழுத்த நினைவிருக்காது. அதனால் எங்கள் நிலையத்தில் பொத்தான் என் பக்கம் இருந்தது.

"பேசறவா வாயைப் பாக்காதே ரோஸ்லின். வாயைப் பாத்துண்டு இருந்தா, நீ அழுத்தறதுக்குள்ள இருமல் ஊரெல்லாம் போயிடும். தோளைப் பாரு. இருமப் போறவா முதல்ல தோளைத் தூக்குவா" என்று சார் சொல்லிக்கொடுத்தார். தோளைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் பேருந்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர் தும்முவதற்கு முன்பே என் விரல் எதையோ அழுத்தப் போகும் நிலைக்கு வந்துவிட்டேன்.

அந்தப் பெட்டியில் நான் அதிகம் பார்த்தது தயாளனின் தோளை. முதலில் வர்ணனை செய்துகொண்டிருந்த பேராசிரியர் கோயம்புத்தூருக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். நாலைந்து பேரைச் சோதித்துப் பார்த்ததில் சார் தேர்ந்தெடுத்தது தயாளனை. மந்தைவெளிக்குப் பின்னால் ஆற்றோரக் குடியிருப்பில் இருந்தவர். ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர் வேலை. சனி, ஞாயிறுகளில் தெரு கிரிக்கெட் போட்டிகளுக்கு மைக் பிடித்துப் பழக்கம். பேச்சு அப்படியே மெட்ராஸ் பேச்சு. "இன்னா மேடம், வெயிலு இந்தப் போடு போடுது. தகரத்துக்கு மேல தோசை சுடலாம் போலக் கீது" என்று சொல்லிக்கொண்டே ஏணி ஏறுவார். ஒலிபரப்பு தொடங்கிவிட்டது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்ததும் அதே வாயிலிருந்து, "நேயர்களுக்கு வணக்கம். வானம் தெளிவாக இருக்கிறது. மட்டையாளர் களத்தின் நடுப்பகுதியை நோக்கி நடந்து வருகிறார்" என்று வரும். விளக்கு அணைந்தால் திரும்பவும் "இன்னா மேடம்". முதல் நாள் சாரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சார் அன்றைக்கு முதல் காபியைத் தயாளனுக்குக் கொடுக்கப் போய், கொடுத்தால் என்ன அர்த்தமாகும் என்று நினைவு வந்து, டம்ளரை டிரைவர் பக்கம் திருப்பினார்.

ஒவ்வொரு ஓவர் முடிந்ததும் தயாளன் ஸ்கோரைச் சொல்வார். சொல்லிவிட்டு, "நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது..." என்று இழுப்பார். தோள் ஒரு விரற்கடை மேலே போகும். பிறகு தோளும் குரலும் சேர்ந்து இறங்கும்: "கலங்கரை வானொலி." அதில் ஒரு ராகம் இருந்தது. இஸ்திரி வண்டிகளிலும் ஆட்டோக்களிலும் டெய்லர் கடைகளிலும் அந்த ராகம் போய்ச் சேர்ந்தது. தெருவில் விளையாடும் பிள்ளைகள்கூட ஓவர் முடிந்தால் அதைச் சொல்லிவிட்டுத்தான் இடம் மாறுவார்கள். பேட் இல்லாவிட்டாலும் ஆடுவார்கள், அது இல்லாமல் ஆட மாட்டார்கள்.

வைத்தியநாதன் சார் ஓய்வு பெற்றார். சில வருடம் நானும் தயாளனும் பெட்டியைப் பார்த்துக்கொண்டோம். அப்புறம் ஒரு நாள் நாரைகள் அணியின் முதலாளிகள் வேறு நிலையத்தோடு ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். தி.நகரில் கண்ணாடிக் கட்டடம், ஐந்தாவது மாடி, பட்டணம் எஃப்.எம். அங்கே நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் பாட்டுப் போடும், நடுநடுவே ஆர்.ஜே.க்கள் சிரிப்பார்கள். மைக்கை வெளியே கொண்டுபோய்ப் பழக்கம் கிடையாது. அதனால் அணிக்காரர்கள் தயாளனையும் என்னையும் சீர்வரிசையோடு சேர்த்து அனுப்புவது போலப் புது இடத்துக்கு அனுப்பிவைத்தார்கள்.

அங்கே எங்களுக்கு மேலதிகாரி நிவேதிதா. கோபாலபுரத்துப் பெண். வயது முப்பதுகூட ஆகியிருக்காது. வேகமாகப் பேசுவார், அதைவிட வேகமாக முடிவெடுப்பார். கெட்டவர் இல்லை. எங்கள் இருவருக்கும் நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் பேசினார். "எல்லாம் அப்படியே இருக்கட்டும் சார். குரல், ஸ்டைல், எல்லாம். ஸ்டேஷன் பேரை மட்டும் மாத்திக்குங்க. அவ்ளோதான்" என்றார்.

"அது இன்னா மேடம் பெரிய விசயம்" என்றார் தயாளன்.

பழக்கம் கொடிது, பாறையிலும் கோழி சீக்கும் என்பார்கள். முதல் ஆட்டம், முதல் ஓவர் முடிவு. ஸ்கோர் சொன்னார். "நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது..." தோள் ஏறியது, இறங்கியது. "கலங்கரை வானொலி." சொன்ன பிறகு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். அடுத்த சில ஓவர்கள் தப்பித்தன. எட்டாவது ஓவரில் ஒரு சிக்ஸர் பறந்து கல்லூரிச் சமையலறைக் கூரையில் விழுந்தது. அந்த ஆனந்தத்தில் இரண்டாவது தடவையும் வந்துவிட்டது.

திங்கட்கிழமை ஐந்தாவது மாடிக்குக் கூப்பிட்டார்கள். நிவேதிதா சிரிக்கவில்லை. விளம்பரம் கொடுக்கும் மசாலாப்பொடிக் கம்பெனி, எங்கள் பணத்தில் அடுத்தவன் பெயரைப் பரப்புகிறீர்களா என்று கேட்டிருக்கிறது. "மேல கேக்குறாங்க சார். எனக்கும் வேற வழியில்ல. ஆர்.ஜே. ஒருத்தரை ரெடியா வெச்சிருக்காங்க. உங்க வர்ணனைப் பெட்டியிலேருந்து மூணாவது தடவை அந்தப் பேர் வந்துச்சுன்னா, அடுத்த மேட்ச் அவர்தான் பண்ணுவார்" என்றார்.

லிஃப்டில் இறங்கும்போது தயாளனைப் பார்த்தேன். அந்த மனிதருக்கு வாரம் ஐந்து நாள் சோதனைக் குழாய்கள் கழுவுவது வேலை. சனி, ஞாயிறு மட்டும்தான் அவர் பேச, ஊர் கேட்கும். அது போய்விட்டால் என்ன ஆவார்?

"கவலைப்படாதீங்க தயாளன். பொத்தான் என்கிட்ட இருக்கு" என்றேன்.

அந்த சீசனில் நான் ஆட்டம் பார்த்ததே இல்லை. தயாளனின் வலது தோளைத்தான் பார்த்தேன். அது எனக்கு மனப்பாடமாகிவிட்டது. புதுப் பெயரைச் சொல்லப் போகிறார் என்றால் உதட்டை ஒரு தடவை நனைத்துக்கொள்வார், தோள் அசையாது. தோள் ஏறினால் கலங்கரை வருகிறது என்று பொருள். ஏறும்போதே அழுத்திவிடுவேன். கூட்டத்தின் சலசலப்பு மட்டும் கொஞ்ச நேரம் போகும். அப்புறம் தயாளன் தெளிந்து அடுத்த பந்துக்கு வந்துவிடுவார். வீட்டில் கேட்கிறவர்களுக்கு ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான். ஐந்தாவது மாடியும் சந்தோஷமாக இருந்தது. மூன்றாவது தடவை என்பது வரவே இல்லை. என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அரையிறுதிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நிவேதிதா கே.கே. நகரில் யார் வீட்டு விசேஷத்துக்கோ போயிருக்கிறார். வழியில் ஒரு ஜூஸ் கடையில் நின்றிருக்கிறார். கடைக்காரர் எங்கள் வர்ணனையைச் சத்தமாக வைத்திருந்தார். நம் நிலையத்தைக் கேட்கிறார்களே என்று இவருக்குப் பூரிப்பு. ஓவர் முடிந்தது. "நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது..." என்றது ரேடியோ. நான் இங்கே பொத்தானை அழுத்தினேன். அங்கே ஜூஸ் கடைக்காரரும், சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தவரும், எதிரே ஆட்டோவில் சாய்ந்திருந்தவரும் ஒரே குரலில் "கலங்கரை வானொலி" என்று முடித்துவைத்தார்கள். பிறகு எதுவுமே நடக்காதது போல அவரவர் வேலையைப் பார்த்தார்கள். நிவேதிதா அங்கேயே நின்று இன்னும் நாலு ஓவர் கேட்டாராம். பள்ளம் விழுந்தபோதெல்லாம் அதே கதை.

அரையிறுதி நாள் ஏணியில் செருப்புச் சத்தம் கேட்டது. நிவேதிதாவே பெட்டிக்கு ஏறி வந்துவிட்டார்.

"ரோஸ்லின் மேடம், நீங்க கட் பண்றது ரேடியோவுலதான் கட் ஆகுது. கே.கே. நகர்ல கட் ஆகலை" என்று ஜூஸ் கடைக் கதையைச் சொன்னார். "அவர் சொல்லியிருந்தாகூட ஒரு குரல்தான். இப்ப ஊரே சொல்லுது. இன்னிக்கு அந்த ஸ்விட்ச் வேணாம்."

பொத்தானின் இணைப்பை என் கையாலேயே கழற்றவைத்தார். நான் கழற்றிப் பைக்குள் போட்டேன். பின்சுவரோரம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "இன்னிக்கு நான் முழுசா இருந்து கேக்கப் போறேன்" என்றார்.

தயாளன் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நிவேதிதாவுக்கு என்ன தோன்றியதோ, குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார். "சார், நான் தப்பா கேக்கலை. இவ்ளோ மாசம் ஆச்சு. ஒரு பேர்தானே? ஏன் வர மாட்டேங்குது?"

"நானும் அதத்தான் மேடம் என்னைக் கேட்டுக்கினு கீறேன்" என்றார் தயாளன். "எங்க வூட்டை ஆத்தோரத்துலேருந்து கவர்மெண்ட்டு எடுத்துட்டு, ஊருக்கு வெளிய பெரும்பாக்கத்துல குடுத்து வருசக்கணக்கா ஆவுது. நல்ல வூடுதான். லைட்டு கீது, பாத்ரூம் கீது. ஆனா ஸ்கூல் வுட்டு மந்தவெளில பஸ் ஏறுறேன், கண்டக்டர் எங்கன்னு கேட்டா, வாயி மந்தவெளின்னுதான் சொல்லுது. நான் ஏறுனதே மந்தவெளில. 'இன்னா நைனா, இங்கதானே கீற'ன்னு கண்டக்டர் சிரிக்கிறான். நானும் சிரிச்சுட்டு டிக்கெட்ட வாங்கிக்கிறேன். மனசு ஒத்துக்கினாலும் வாயி ஒத்துக்க மாட்டேங்குது மேடம்."

நிவேதிதா ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

நான் எத்தனையோ ஒலிபரப்பில் இருந்திருக்கிறேன். மழையில் நனைந்த லைனோடு, மின்சாரம் போன கச்சேரியோடு, மாடு குறுக்கே வந்த தேரோடு. எதிலும் அன்றைக்கு மாதிரி என் கைக்கு வேலை இல்லாமல் போனதில்லை. தயாளன் ஒரு சீட்டில் "பட்டணம் எஃப்.எம்." என்று கொட்டை எழுத்தில் எழுதி முன்னால் வைத்துக்கொண்டார். மூன்றாவது ஓவரில் கடல் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய் மிட்-விக்கெட் பக்கம் போட்டது. நடுவர் அதைப் பொறுக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒவ்வொரு ஓவர் முடிவிலும் உதட்டை நனைத்தார், நிதானமாகப் புதுப் பெயரைச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் நான் மாதாவைக் கூப்பிட்டேன். எதிரணி ஆடி முடித்தது. நாரைகள் ஆட வந்தார்கள். பாதி ஆட்டம்வரை சுலபமாக ஜெயிப்பார்கள் போலிருந்தது, பிறகு வரிசையாக விக்கெட்டுகள் விழுந்தன. எனக்கு அதுவே நிம்மதி. சோகத்தில் தயாளன் தப்பு செய்ய மாட்டார். சந்தோஷம்தான் ஆபத்து. நாரைகள் தோற்றுத் தொலையட்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே நாரைகள் ரசிகை அன்றைக்கு நானாகத்தான் இருப்பேன்.

மாதா கேட்கவில்லை. கடைசிப் பந்துக்கு நாலு ஓட்டம் வேண்டும் என்ற நிலை வந்தது. களத்தில் நாரைகளின் விக்கெட் கீப்பர், ஒல்லிப் பையன், அந்த சீசன் முழுக்கப் பத்துக்கு மேல் எடுக்காதவன். பின்னால் ஸ்டூல் கிரீச்சிட்டது. நிவேதிதா எழுந்துவிட்டார் என்று தெரிந்தது. நான் திரும்பவில்லை, என் கண் தயாளனின் தோளிலேயே இருந்தது.

"பந்து வீச்சாளர் ஓடி வருகிறார். வீசுகிறார். அளவு குறைந்த பந்து, மட்டையாளர் பின்னுக்குச் சென்று வெட்டி ஆடுகிறார். பந்து தரையோடு விரைகிறது. தடுப்பாளர் பாய்கிறார், விழுகிறார், கை எட்டவில்லை, எட்டவில்லை, நான்கு! நாரைகள் வென்றுவிட்டார்கள்! நேயர்களே, நாரைகள் இறுதிப் போட்டிக்குச் செல்கிறார்கள்!"

தயாளன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். கீழே கூட்டம் தகரத் தடுப்புகளைத் தட்டி ஆர்ப்பரித்தது. அவர் கண்ணில் தண்ணீர். ஸ்கோரைச் சொன்னார். "நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது..."

தோள் ஏறியது.

என் விரல் தானாகப் போய் வெறும் மேஜையை அழுத்தியது. தயாளனுக்கும் தெரிந்துவிட்டது. பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது. வந்ததை அப்படியே விழுங்கினார். விழுங்கி, உதட்டை நனைத்து, புதுப் பெயரைச் சொல்ல மூச்சு இழுத்தார்.

"கலங்கரை வானொலி!"

குரல் எங்களுக்குப் பின்னாலிருந்து வந்தது. திரும்பினேன். நிவேதிதா ஸ்டூலின் மேல் நின்றுகொண்டிருந்தார், இரண்டு கையும் தகரக் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன, முகமெல்லாம் சிரிப்பு. கோபாலபுரத்துத் தெருவில் எத்தனை ஓவர் அதைச் சொல்லிவிட்டு இடம் மாறி நின்ற பெண்ணோ. ராகம்கூட அப்படியே இருந்தது.

தயாளன் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "பட்டணம் எஃப்.எம்." என்று தெளிவாகச் சொன்னார். நேயர்களுக்கு நன்றி சொல்லி நிலையத்திடம் ஒப்படைத்தார். நான் விசையை இறக்கினேன். சிவப்பு விளக்கு அணைந்தது.

நிவேதிதா மெதுவாக ஸ்டூலிலிருந்து இறங்கினார். "அது நானா?" என்று கேட்டார்.

"ஆமா மேடம்" என்றார் தயாளன்.

"வெளிய போயிடுச்சா?"

"நல்லா, தெளிவா போச்சு" என்றேன் நான். அதில் பொய் சொல்ல ஒன்றும் இல்லை, மைக் நல்ல மைக்.

அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கீழே ஆட்டக்காரர்களைத் தூக்கிக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது. "இந்தப் பெட்டியிலேருந்து மூணாவது தடவை" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். "நான்தானே ரூல் போட்டேன். இப்ப என்ன பண்றது?"

தயாளன் என்னைப் பார்த்தார். அவர் கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரியும், அதனால் நானே சொன்னேன்.

"உங்களுக்கு இதுதான் மேடம் முதல் தடவை. இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு."